தமிழை நாலரை மணிக்குக் கூப்பிடாதீர்கள்

கொழும்பு விளம்பர நிறுவனங்களின் படைப்பாக்கப் பிரிவினருக்கு,

வணக்கம். என் பெயர் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. வாட்ஸ்அப் எண் தெரிந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரை மணிக்கு, "அண்ணா, ஒரு சின்ன வரிதான், ஆறு மணிக்கு அச்சுக்குப் போகுது" என்று நீங்கள் அனுப்பும் செய்தி வந்து விழும் போன்களில் என்னுடையதும் ஒன்று. வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்துகொண்டு பதினொரு வருடங்களாக உங்கள் விளம்பரங்களைத் தமிழாக்கி வருகிறேன். சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி. சின்ன வரிக்குக் கூலியும் சின்னது. ஐந்து சொல்லுக்கு பில் எழுத எனக்கே வெட்கமாக இருக்கும்.

அந்தச் சின்ன வரிதான் பெரிய தலையிடி. ஒரு தடவை ஒரு வரி வந்தது. ஆங்கிலத்தில் இரண்டே சொல்: ‘லிவ் மோர்’. சிங்களத்தில் யாரோ கெட்டிக்காரர் உட்கார்ந்து அதை வேறொரு வாக்கியமாகவே புதிதாக எழுதியிருந்தார். எனக்குக் கிடைத்தது அந்த ஆங்கிலம், ஒரு படம், ஒன்றரை மணித்தியாலம். ‘மேலும் வாழுங்கள்’ என்று எழுதிப் பார்த்தேன். வைத்தியர் கைவிட்ட நோயாளிக்குச் சொல்கிற ஆறுதல் போல இருந்தது. ‘நிறைய வாழுங்கள்’ என்றால், அப்படித் தமிழில் யாரும் வாழ்வதில்லை. ‘வாழ்ந்து பாருங்கள்’ என்றால் சண்டைக்கு இழுக்கிற மாதிரி. கடைசியில் படத்திலிருந்த மனிதர் கடற்கரையில் கால் நீட்டிப் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு ‘ஆறுதலா இருங்கோ’ என்று அனுப்பினேன். வீட்டுக்கு வந்து அவசரமாக எழும்புகிற விருந்தாளியிடம் நாம் சொல்கிற பேச்சு அது. பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "அண்ணா, கிளையன்ட் கூகிளில் போட்டுப் பார்த்தாராம். ‘மோர்’ எங்கே என்று கேட்கிறார்."

அந்த வெயிலுக்கு மோர் கேட்டது நியாயம்தான். ‘மேலும் வாழுங்கள்’ காலி வீதிப் பதாகையில் இருபதடி உயரத்தில் ஏறியது. மூன்று மாதம் 100ஆம் இலக்க பஸ்ஸில் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் போனைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

விளம்பரங்கள் மீது எனக்கு வெறுப்பு ஒன்றும் கிடையாது. நல்ல விளம்பரத்தை நின்று பார்த்து பஸ்ஸைத் தவறவிட்டவன் நான். எனக்குப் பிடித்தவற்றைச் சொன்னால்தான் என் குறை என்னவென்று உங்களுக்கு விளங்கும்.

2014இல் லியோ பர்னெட் விளம்பர நிறுவனத்தின் இலங்கை அலுவலகம் ‘மவ்பிம’ என்கிற சிங்களப் பத்திரிகைக்குச் செய்த வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். டெங்கு பரவியிருந்த காலம். பத்திரிகை அச்சடிக்கும் மையில் சிட்ரொனெல்லாவைக் கலந்தார்கள். நிலம் துடைக்கிற தண்ணீரில் நம் வீட்டில் இரண்டு துளி விடுவோமே, அதே வாசனை. டெங்கு நுளம்பு காலையிலும் மாலையிலும் அதிகம் கடிக்கும். இந்த நாட்டில் பத்திரிகை விரிக்கிற நேரமும் அதுதான். ‘நுளம்பிடமிருந்து காத்துக்கொள்ளுங்கள்’ என்று முழுப்பக்கம் உபதேசம் போடாமல், உபதேசம் அச்சாகும் தாளையே நுளம்பு விரட்டியாக்கிவிட்டார்கள். உலகம் முழுக்கப் பேசினார்கள். பேச வேண்டிய வேலைதான். எனக்கு அப்போது வந்தது கைதட்டல், கூடவே கொஞ்சம் பொறாமை. கொட்டாஞ்சேனையிலும் நுளம்பு இருக்கிறது. தமிழ்ப் பத்திரிகையான வீரகேசரி பிடிக்கும் கை அதற்குக் கசப்பதாகத் தெரியவில்லை.

அதே நிறுவனம் ஜாட் என்கிற பெயின்ட் கம்பனிக்குச் செய்த ‘பெட்டல் பெயின்ட்’ இன்னும் அழகு. விகாரைகளில் பூசைக்கு வைத்து வாடிய பூக்களைச் சேர்த்து, அவற்றிலிருந்து வர்ணம் எடுத்து, அந்த வர்ணத்தால் விகாரைச் சித்திரங்களையே வரைய வைத்தார்கள். பூ மறுபடி கோயிலுக்குப் போகிறது. இதைப் பார்த்ததும் என் மூளையில் முதலில் ஓடியது ஒரு சொல்: நிர்மால்யம். சாமிக்குச் சாத்திக் களைந்த பூவுக்குத் தமிழில் தனிப்பெயரே உண்டு. அதைக் காலில் மிதிக்கக் கூடாது, கண்ட இடத்தில் எறியக் கூடாது என்று அம்மா சொல்லி வளர்த்திருக்கிறார். ஆடிவேலுக்கு செட்டியார் தெருவிலிருந்து தேர் புறப்பட்டு பம்பலப்பிட்டி வந்து சேரும்போது எவ்வளவு பூ உதிரும் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணம் உதித்த மேசையில் ஒரு தமிழ் ஆள் இருந்திருந்தால் அந்த ஒரு சொல்லே அரை வேலையைச் செய்திருக்கும் என்று தோன்றியது. குறை சொல்லவில்லை, ஆசைப்படுகிறேன்.

இனி ரயில்.

மெல்பர்ன் நகரின் ரயில் நிறுவனத்துக்காக அங்குள்ள மெக்கேன் விளம்பர நிறுவனம் 2012இல் செய்த ‘டம்ப் வேய்ஸ் டு டை’ பாட்டு உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அடுத்த வருடம் கான் விளம்பர விழாவில் ஐந்து கிராண்ட் பிரீ விருது வாங்கியது. உருண்டை உருண்டையான பொம்மைகள் இனிமையான மெட்டுக்கு ஒவ்வொன்றாக, கேவலமான காரணங்களுக்காகச் சாகும். தலைமயிரில் தீ வைத்து ஒன்று, கரடியைச் சீண்டி ஒன்று. கடைசி மூன்று சாவுகள் மட்டும் ரயிலோடு சம்பந்தப்பட்டவை. கேட்கிறவன் சிரித்துக்கொண்டே, ரயில் மேடை விளிம்பில் நிற்பதும் கரடியைச் சீண்டுவதும் ஒரே ரகம் என்று ஒப்புக்கொண்டுவிடுகிறான்.

என் வீட்டு பல்கனியில் நின்றால் கரையோர ரயில் பாதை தெரியும். கொள்ளுப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் நாங்கள், நடுவில் தண்டவாளம். ஞாயிறு பின்னேரம் பாருங்கள். கடலைச் சுருளோடு குடும்பம் குடும்பமாகத் தண்டவாளத்தில் நடப்பார்கள். பெடியன்கள் ரயில் பின்னால் வரும்படி நின்று செல்பி எடுப்பார்கள். தண்டனைக்குரிய குற்றம் என்று மூன்று மொழியிலும் பலகை சொல்கிறது. அந்தப் பலகையில் சாய்ந்துகொண்டும் படம் எடுக்கிறார்கள்.

சரி, அந்த மெல்பர்ன் பாட்டைத் தமிழில் போடச் சொல்லி ஒரு நாள் எனக்கு வந்தால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். மொழிபெயர்த்தால் செத்துவிடும், பொம்மைகளுக்கு முன்னாலேயே. ஆனால் சாவைப் பாட நம்மிடம் சொந்தமாக ஒன்று இருக்கிறது, ஒப்பாரி. அதை நையாண்டியாகப் பாடும் பழக்கமும் ஊரில் உண்டு. ஒரு இரவு மின்சாரம் போயிருந்த நேரம் மனைவிக்கு இப்படிப் பாடிக் காட்டினேன்:

படம் பிடிக்கப் போனியோ என்ர பவளமே – உன்னைப்
பத்தரை ரயில் வந்து பிடிச்சுதோ!

தமிழில் படத்தையும் பிடிக்கலாம், ரயிலையும் பிடிக்கலாம், பேயும் வந்து பிடிக்கலாம். அந்த ஒரு வினைச்சொல் இல்லாவிட்டால் இந்த வரியே இல்லை. இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், வெறும் செய்தி. சிங்களத்தில் இதற்குச் சமமாக எது வரும் என்று சிங்களத்தில் யோசிக்கிறவர்தான் சொல்ல வேண்டும். என்னைக் கேட்கக் கூடாது.

மனைவி சிரித்தாள். அப்புறம், "சாவை வைச்சு விளையாடாதேங்கோ" என்று ஏசினாள். அவள் சொன்னதும் சரி. நிஜமான ஒப்பாரி இன்னும் ஓயாத வீடுகள் நம்மிடம் இருக்கின்றன. பிள்ளை உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், ஒப்பாரிகூட வைக்க முடியாத தாய்மாரும் இருக்கிறார்கள். வெள்ளவத்தை ஸ்டேஷனில் இந்தப் பாட்டை ஓட விடலாம். முல்லைத்தீவில் ஓட விடலாமா என்று நீங்கள் கேட்டால் கூடாது என்பேன். பகிடியும் அது எந்த ஊரில் பகிடியாகாது என்பதும் ஒரே ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆளைத்தான் நீங்கள் நாலரை மணிக்குக் கூப்பிடுகிறீர்கள்.

2025 அக்டோபரில் இந்திய விளம்பரக்காரர் பியூஷ் பாண்டே காலமானபோது உங்கள் பக்கங்களில் எல்லாம் அஞ்சலி பார்த்தேன். தேயிலை ருசி பார்ப்பவராக இருந்து, ராஜஸ்தானுக்கு ரஞ்சிக் கிரிக்கெட் ஆடி, 1982இல் ஓகில்வி விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தவர். இந்திய விளம்பரம் ஆங்கிலத்தில் யோசித்து ஹிந்தியில் ஒப்புவித்துக்கொண்டிருந்த காலத்தில், நேராக ஹிந்தியில் யோசித்தவர். அவருடைய காலத்தில் ஓகில்வி செய்த ஃபெவிகால் பசையின் பஸ் விளம்பரம் நினைவிருக்கும். பாலைவனப் பாதையில் ஆளுக்கு மேல் ஆள் ஏறிய வண்டி. குலுங்குகிறது, ஒருவரும் விழவில்லை. பின்பலகையில் பசையின் பெயர். வசனம் எதுவும் இல்லை, ஆனாலும் அது அந்த மண்ணின் படம்தான். மொழி என்று நான் சொல்வது சொல்லை மட்டும் அல்ல. பின்னேர 155ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவன் அந்தப் படத்தைப் பார்த்தால் சிரிப்பான். அவனை வைத்து இங்கே ஒரு பசை விற்க யாருக்கும் தோன்றவில்லை.

அதே ஓகில்விக்காரர்கள் 2013 கும்பமேளாவில் இருபத்தைந்து லட்சம் ரொட்டிகளில் ‘லைஃப்போயால் கை கழுவினீர்களா’ என்று சூட்டுக்கோல் முத்திரை குத்தினார்கள். கையால் சாப்பிடுகிறவனுக்கு, சாப்பிடப்போகிற அந்தக் கணத்தில், கையிலேயே கேள்வி. எனக்கு இது மிகவும் பிடிக்கும். 2015இல் சிங்கப்பூரிலுள்ள கிரே நிறுவனம் செய்த அயோடின் பொட்டு அவ்வளவாகப் பிடிக்காது. அயோடின் குறைபாடுள்ள பெண்களுக்காக ஒட்டுப்பொட்டில் அயோடின் தடவிக் கொடுத்த வேலை. பெண் தினமும் நெற்றியில் வைப்பதிலிருந்து தொடங்கியது அழகுதான். ஆனால் அதைப் பற்றி ஆங்கிலத்தில் வெளிவந்த வீடியோக்களைப் பார்க்கும்போதெல்லாம், பொட்டு வைக்கிறவளைவிட விருதுக் குழுவைத்தான் பார்த்துப் பேசுகிறது என்று தோன்றும். என் அபிப்பிராயம்தான். நீங்கள் சண்டை பிடிக்கலாம்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். சித்திரை வந்தால் எனக்கு வேலை கூடும். ஒரே படத்துக்குத் தமிழ் வசனம் எழுத வேண்டும். படத்தில் சேலையை ஒசரி என்ற சிங்களப் பாணியில் கட்டிய அம்மா அடுப்பை ஊதுகிறார், பால் பொங்குகிறது, கொக்கிஸ், கெவும், ரபான் அடிக்கும் பெண்கள், வாழையிலை. எல்லாம் நல்ல படம். அந்த அம்மாவின் உதடு சிங்களத்தில் அசைய, அரை விநாடி பிந்தி என் தமிழ் வெளியே வரும். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எங்கள் வீட்டுச் சித்திரையில் கோயிலில் வாங்கிய மருத்துநீரைத் தலையில் வைத்து முழுகுவோம். முற்றம் இல்லாததால் பல்கனியில் பொங்குவோம். கீழ்வீட்டுக்காரர் புகை வருகிறது என்று கத்துவார். அப்பா வெற்றிலையில் வைத்துக் கைவிசேஷம் தருவார். அதில் வரும் புதுத்தாள் காசைச் செலவழிக்கக் கூடாது என்பதும், பின்னேரமே செலவாகிவிடும் என்பதும் இரண்டும் சம்பிரதாயம். ஒரு வங்கிக்கோ பிஸ்கட்டுக்கோ அரை நிமிடப் படத்துக்கு இதில் என்ன இல்லை? பதினொரு வருடத்தில் கைவிசேஷம் என்ற சொல்லை எழுத எனக்கு ஒரு தடவைகூட வாய்ப்பு வரவில்லை.

தீபாவளிக்கு மும்பைப் படங்களிலிருந்து வந்த விளக்கு வரிசையும் லட்டும். நம்மவருக்கு அது அதிகாலை எண்ணெய் முழுக்கும் மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறியும். நோன்பு மாதத்துக்கு ஒட்டகமும் பாலைவனமும். புதுக்கடையிலும் மாளிகாவத்தையிலும் பின்னேரம் பள்ளிவாசல் வாசலில் பாத்திரத்தோடு கஞ்சிக்கு நிற்கும் பிள்ளைகள் ஒட்டகத்தை தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில்தான் பார்த்திருப்பார்கள். தேயிலை விளம்பரத்தைப் பற்றிப் பேசாமலே விடலாம், ஆனால் விட மனம் வரவில்லை. மலையக மக்கள் வந்து 200 ஆண்டு என்று 2023இல் நினைவுகூர்ந்தோம். இன்னமும் உங்கள் படங்களில் கொழுந்து பறிக்கிற அக்கா சிரிக்க மட்டும்தான் செய்கிறார். பச்சை மலை, பனிமூட்டம், அக்கா. அவருக்கு ஒரு வரி வசனம் கொடுத்த விளம்பரம் ஒன்றுகூட என் மேசைக்கு வரவில்லை. கொடுத்தால் என்ன சொல்வார் என்ற பயமோ தெரியாது.

‘தமிழ் மார்க்கெட் சின்னது அண்ணா’ என்று சொல்வீர்கள். சொல்லியும் இருக்கிறீர்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், தமிழ் பேசும் முஸ்லிம்களான சோனகர் மூவரையும் கூட்டினால் நாட்டின் சனத்தொகையில் கிட்டத்தட்ட கால்வாசி. கொழும்பு மாநகர எல்லைக்குள் மட்டும் எண்ணினால் பாதிக்கும் மேல். உங்கள் அலுவலகம் இருக்கும் தெருவைச் சுற்றி ஒரு தேத்தண்ணீர்க் கடை, ஒரு பார்மசி, ஒரு ஹார்ட்வெயார் கடைக்குள் நுழைந்து காதைக் கொடுத்துக் கேளுங்கள். அந்தச் சின்ன மார்க்கெட் அங்கே கதைத்துக்கொண்டிருக்கும்.

எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது என் கைக்கு நேராக வலிக்கிற இடம். பதாகையில் சிங்களம் மேலே பெரிதாக, ஆங்கிலம் நடுவில் ஒய்யாரமாக, தமிழ் கீழே, கம்பனியின் முகவரிக்குப் பக்கத்தில். இடம் போதாமல் டிசைனர் எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்குவார். தமிழ்ச் சொல் நீளம், உண்மைதான். ஆங்கில வாக்கியத்தை அப்படியே பெயர்த்தால் இன்னும் நீளும். தமிழிலேயே பிறந்த வரி பெரும்பாலும் சின்னதாக இருக்கும். ‘ஆறுதலா இருங்கோ’வை எண்ணிப் பாருங்கள், இரண்டு சொல். அப்புறம் எழுத்துரு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதை மாற்றாமல் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடில் தந்தாலும், டிசைன் மென்பொருளில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பை மாற்றாவிட்டால், எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். நான் சரியாக அனுப்பிய வரி பதாகையில் கொம்பு மாறி நின்றதைப் பார்த்து, தெரிந்தவர்கள் எனக்குப் போன் எடுத்துச் சிரித்திருக்கிறார்கள். கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கிய பஸ் ஆசனத்தில் ‘தா’ போய் ‘நா’ வந்த படம் ஊரெல்லாம் சுற்றியதே, அது விளம்பரம் அல்ல, அறிவித்தல். ஆனால் நடந்த விதம் இதேதான். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு கண்கூட அச்சுக்கு முன் அதைப் பார்க்கவில்லை. எனக்கு இறுதி ஆர்ட்வேர்க்கைத் திருப்பி அனுப்பிக் காட்டிய நிறுவனங்கள் இரண்டே இரண்டு. மற்றவர்களுக்கு வரி கிடைத்ததும் நான் முடிந்துபோனவன்.

இவையெல்லாம் நான் புதிதாகக் கேட்கும் சலுகைகள் என்று நினைக்க வேண்டாம். 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கிய பிறகு, சுதந்திர சதுக்கத்துப் பக்கமிருந்து வந்த தமிழ் விளம்பரங்களை இராமேஸ்வரத்துக்கு அப்பாலும் காத்திருந்து கேட்டார்கள். மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் போன்றவர்களின் குரலில் சோப்பும் சினிமாவும் விற்றது. கே. எஸ். ராஜா மடமடவென்று படப்பெயரைக் கொட்டும்போது படம் பார்க்கும் ஆசை இல்லாதவனும் தியேட்டர் பெயரை மனப்பாடம் செய்துவிடுவான் என்று அப்பா சொல்வார். நிகழ்ச்சி நடத்திய அதே வாய்தான் விளம்பரமும் சொன்னது. அதனால் அது தமிழாகவே இருந்தது. கொழும்பில் தமிழ் விளம்பரம் பழைய தொழில். நடுவில் எங்கேயோ அது மொழிபெயர்ப்புப் பகுதியாகச் சுருங்கிப்போனது.

இதில் எனக்கும் பங்கு உண்டு. ‘மேலும் வாழுங்கள்’ என்று எழுதிக் கொடுத்தது இந்தக் கைதான். ‘இது தமிழே இல்லை, போட்டால் என்னிடம் வராதீர்கள்’ என்று சொல்லியிருக்கலாம். பிள்ளைக்கு டியூஷன் காசு கட்ட வேண்டிய கிழமை அது, சொல்லவில்லை. தமிழ் கொப்பி ரைட்டர் கிடைப்பதில்லை என்று நீங்கள் குறைப்படுவதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் சொல்லுக்கு ரூபா கணக்கில் கூலி கொடுக்கும் வேலைக்கு எந்தப் பிள்ளை படித்துவிட்டு வரும்? வானொலியில் நிகழ்ச்சி செய்கிற, கவிதை எழுதுகிற, டிக்டாக்கில் ஊர்ப் பகிடி விடுகிற இருபது வயதுப் பிள்ளைகள் கொட்டாஞ்சேனையிலும் தெமட்டகொடையிலும் நிறைய. அவர்களில் இரண்டு பேரை மாதச் சம்பளத்துக்கு எடுங்கள். கிளையன்ட் தனக்கு என்ன வேண்டும் என்று பிரீஃப் சொல்ல வரும் முதல் நாள், சிங்களத்தில் எழுதுகிறவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வையுங்கள். அவர்கள் சொல்வதில் பாதி சரிவராது. சிங்களத்திலும் பாதி சரிவருவதில்லை, அதை நீங்கள் வேலை என்று சொல்கிறீர்கள். சில நாள் தமிழில் பிறந்த எண்ணத்தைச் சிங்களத்துக்குக் கொண்டுபோக வேண்டி வரும். அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் தலையைப் பிய்த்துக்கொள்பவர் வேறொருவராக இருப்பார். அதையும் ஒரு தடவை பார்க்க எனக்கு ஆசை.

நானும் வருவேன், கூப்பிட்டால். பிரீஃப் திறக்கிற திங்கட்கிழமை காலை என்றால் ஒன்பது மணிக்கே வந்து நிற்பேன், பஸ் காசு நானே போட்டு. வெள்ளி பின்னேரம் மட்டும் இனி வேண்டாம். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறி. நாலரைக்கு நான் வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய் தெரிந்துகொண்டிருப்பேன். போன் வீட்டில் இருக்கும்.

இப்படிக்கு,
‘மேலும் வாழுங்கள்’ எழுதியவன்,
வெள்ளவத்தை